ஏழாவது இடத்தில் டெனிஸ்

குரோருட்,
18 தை (ஜனவரி) 2026

ரிஷிகேசன்,

உங்கள் எண்ணைத் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். வேறு எண்ணிலிருந்து எடுத்தாலும் பேசமாட்டேன். சொல்ல இருப்பதை எழுதித் தபாலில் போடுகிறேன். பேசினால் அழுதுவிடுவேன், அந்தத் திருப்தியை உங்களுக்குத் தர விருப்பமில்லை.

உங்கள் கட்டுரையை வாசித்தேன். "வரும் பருவத்தில் கவனிக்க வேண்டிய பத்து இளம் வீரர்கள்." அமெரிக்காவின் பெரிய பேஸ்போல் அணிகளுக்குக் கீழே இருக்கிற சிற்றணிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் விளையாடுகிறார்கள், அவர்களில் பத்துப் பேர், அந்தப் பத்தில் ஏழாவது என் தம்பி டெனிஸ். ஞானரட்ணம் அங்கிள் அதை அச்செடுத்துக்கொண்டு பூசைக்கு வந்திருக்கிறார். அம்மா அந்தத் தாளைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஓடி வந்தா. "ரிஷித்தம்பி எங்கட பிள்ளையைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார் பார். ஒருக்கா வாசிச்சுச் சொல்லு" என்றா.

வாசித்தேன். பந்தின் வேகம், தோளின் அகலம், ஒஸ்லோவில் கிரிக்கெட் பந்து எறிந்து வளர்ந்த தமிழன், எல்லாம் வாசித்தேன். கடைசி வரியில் நின்றுவிட்டேன். "வலது முழங்கையின் உட்புற நார் கிழிந்துள்ளதாகக் குடும்பத்துக்கு நெருக்கமானவர்கள் தெரிவிக்கிறார்கள்." அம்மாவுக்கு அந்த வரியைச் சொல்லவில்லை. "இவ்வளவுதான் அம்மா" என்றேன்.

நெருக்கமானவர்கள்! நத்தாருக்கு டெனிஸ் வந்திருந்தபோது அவன் கையை மடக்கி, அமத்திப் பார்த்தேன். நான் ஒரு ஃபிசியோ, இது என் வேலை. அவன் பல்லைக் கடித்தான். அவன் கடைக்குப் போனபிறகு எங்கள் குசினியில், நீங்கள் அந்த யன்னலோரக் கதிரையில் இருந்தபோது, உங்களிடம் மட்டும் சொன்னேன். "நார் கிழிஞ்சிருக்குமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றுதான் சொன்னேன். பயமாகக் கிடக்கிறது என்றால் என்னவென்று உங்கள் திருச்சித் தமிழில் தெரியாதா? எனக்கு வந்த பயத்தை நீங்கள் செய்தியாக்கி விற்றுவிட்டீர்கள்.

நேற்று டெனிஸ் அமெரிக்காவிலிருந்து தொலைபேசி எடுத்தான். "அக்கா, ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றேன்.

அந்தப் பொய்யையும் உங்களால்தான் சொன்னேன். உங்களோடு ஒரே மேசையில் இருந்து நாங்கள் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைக்க எனக்குக் குமட்டுகிறது.

லீசா


நீடாலன், ஒஸ்லோ
ஜனவரி 24, 2026

லீசா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் 'விற்றேன்' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பகலில் பல்கலைக்கழகத்தில் கடல் நீரோட்டத்தின் கணக்கு. மற்ற நேரத்தில் அந்த அமெரிக்க இணையதளத்துக்காக மைனர் லீக் பையன்களின் கணக்கு. பெரிய அணிகளின் ஆட்கள் எங்கள் பட்டியலைப் படிக்கிறார்கள். படித்துவிட்டுத்தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று பேசுகிறார்கள். அதில் ஒரு பையனின் காயத்தை மறைத்துவிட்டு "கவனியுங்கள்" என்று எழுதினால் அது பட்டியல் இல்லை, விளம்பரம்.

எங்கள் தளத்தில் இன்னொருவர் போன வருடம் அப்படித்தான் செய்தார். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஒரு பிட்ச்சர், டெனிஸ் மாதிரி பந்து வீசுகிறவன். தோள் சரியில்லை என்று அவருக்குத் தெரியும், பையனின் ஏஜென்ட் கெஞ்சினார் என்பதற்காக எழுதவில்லை. கோடையில் அந்தப் பையன் பந்தை வீசிவிட்டு, நின்று வீசிய மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனால் இப்போது தலை சீவக்கூட அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. டெனிஸ் அப்படி உட்காருவதை நான் ஏதோ ஒரு திரையில் பார்க்க வேண்டுமா?

அன்று சமையலறையில் நீங்கள் வேறொன்றும் சொன்னீர்கள். "ஆரும் அவனை நிப்பாட்ட வேணும், நான் சொன்னாக் கேக்கமாட்டான்" என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அந்த 'ஆரும்' யார், லீசா? அறையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம்.

நான் எழுதியதால் அவன் ஆடும் கிளப் அவனை ஸ்கேன் எடுக்க அனுப்பும். ஓய்வு கொடுக்கும். நல்ல டாக்டர் பார்ப்பார். நடக்கப்போவது அதுதான். கொஞ்சம் பொறுங்கள்.

ஈஸ்டருக்கு நம் கல்யாண விஷயத்தை உங்கள் அம்மாவிடம் சொல்வதாக இருந்தோம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ரிஷி


குரோருட்,
15 மாசி 2026

ரிஷிகேசன்,

நீங்கள் பொறுக்கச் சொன்னீர்கள். பொறுத்தேன். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

டெனிஸ் வீட்டில் இருக்கிறான். கிளப் அவனை விட்டுவிட்டது. ஸ்கேன் எடுக்கவில்லை. ஓய்வு கொடுக்கவில்லை. உங்கள் நல்ல டாக்டர் அவனை எட்டியும் பார்க்கவில்லை. பயிற்சி முகாமுக்குப் போன முதல் நாளே ஒருவர் அவனை அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார். மேசையில் உங்கள் கட்டுரை கிடந்ததாம். "படம் எடுத்துப் பாருங்கோ, எனக்கு அவ்வளவு நோ இல்லை" என்று இவன் கேட்டிருக்கிறான். அந்த மனிதர், இதற்கெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருக்க நேரமில்லை, உன் இடத்துக்கு வெளியே இருபது பேர் நிற்கிறார்கள் என்று சொல்லிக் கை கொடுத்து அனுப்பியிருக்கிறார். வலது கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அதை டெனிஸ் இரண்டு முறை சொன்னான்.

விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் "நான் ஃபெர்டிக், அக்கா. முடிஞ்சுது" என்றான். இருபத்திரண்டு வயது. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான்.

கோயிலில் இப்போது வேறு கதை. போன மாதம் "எங்கட பெடியன்" என்றவர்கள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "கையில ஏதோ குறையாமே, முந்தியே தெரியாதோ?" என்கிறார்கள். பழுதான சாமானைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்க்கிறார்கள். சீ என்றிருக்கிறது.

ஆனால் அவர்களைச் சொல்லி என்ன? இது தொடங்கியது எங்கள் வீட்டு வரவேற்பறையில்தான். அணிக்கு ஆள் தேடும் அந்த அமெரிக்கர் டெனிஸைப் பார்க்க வந்த நாள் நினைவிருக்கிறதா? நீங்கள்தான் கூட்டிவந்தீர்கள், நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்கள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து எலும்பு தடித்து மொத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். போட்டிருந்த சேட்டைக் கழற்றச் சொன்னார். அப்பாவின் படத்தைக் கேட்டார். அப்பா எதனால் செத்தவர், குடும்பத்தில் உடம்பு வைக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். நீங்கள் முகம் சுளிக்காமல், "அம்மா, கொஞ்சம் எழுந்து நிக்கிறீங்களா, உங்க உடல்வாகை அவர் பாக்கணுமாம்" என்றீர்கள். அம்மா சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பி நின்றா.

திராமனில் இருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது பற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிசி என் தலைமயிரைப் பிடித்துப் பார்த்தா. "கண்ணாடி எத்தினை வயசில இருந்து?" என்று கேட்டா. அன்றைக்கு எழும்பிப் போன எனக்கு, தம்பியின் விலா எலும்பை ஒருவன் எண்ணும்போது எழும்பத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு கேக் வெட்டிக் கொடுத்தேன். அவன் ஆசைப்பட்டானே என்று.

அம்மாவிடம் சொல்ல எங்களுக்குள் ஒரு விஷயமும் இல்லை. எனக்கு உங்களிடம் இருந்து வேண்டியது ஒன்றுதான். டெனிஸ் உங்களைத் தேடி வந்தால் கதவைத் திறக்காதீர்கள். யார் சொன்னது என்று அவன் எல்லோரையும் சந்தேகப்படுகிறான். என்னையும்.

லீசா


நீடாலன், ஒஸ்லோ
பிப்ரவரி 23, 2026

லீசா,

உங்கள் கடிதம் வருவதற்குள் அவன் வந்துவிட்டான். நம் தபால் வேகம் அப்படி.

சனிக்கிழமை காலை. கீழே மணியடித்தது. கதவைத் திறந்தபோது டெனிஸ், தொப்பி இல்லாமல், தலையெல்லாம் பனி. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. மாடிப்படியில் நின்றே கேட்டான்.

"அண்ணா, உங்களுக்கு ஆர் சொன்னது? அக்காவோ?"

அவன் என்னை எப்போதும் அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"யாரும் சொல்லலை. ஆகஸ்ட்ல இருந்து உன் பந்து வேகம் குறைஞ்சிருக்கு. நான் கணக்குல இருந்து யூகிச்சேன்" என்றேன்.

"அப்ப குடும்பத்துக்கு நெருக்கமான ஆக்கள் எண்டு போட்டிருக்கு?"

"அது நான்தானே. நான் நெருக்கமானவன் இல்லையா?"

அவன் என் காலுக்குப் பக்கத்தில் துப்பினான். எதிர்வீட்டு நார்வேக்காரப் பெண்மணி குப்பைப் பையுடன் வெளியே வந்தவர் அப்படியே உள்ளே போய்விட்டார். "உங்களை எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். நான் துணி எடுத்து வந்து படியைத் துடைத்தேன்.

இதை உங்களிடம் நன்றி வாங்குவதற்காக எழுதவில்லை. உங்கள் பொய்யும் என் பொய்யும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அவன் என்னை வெறுக்கட்டும். உங்களிடம் பேசட்டும்.

ஸ்கேன் எடுக்காமல் விடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. எடிட்டரிடம் கேட்டேன். "நாம் எழுதினோம், அவர்கள் முடிவெடுத்தார்கள், இதில் நமக்கென்ன?" என்றார். மறுநாளே அவனை எடுத்துவிட்டு ஏழாவது இடத்தில் வெனிசுவேலாப் பையன் ஒருவனை வைத்தார்கள். ஒரு பெயர் போய் ஒரு பெயர் வந்தது, அவ்வளவுதான். அதைத் திரையில் பார்த்தபோது எனக்கு என் மேலேயே ஒரு அசிங்கம் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவனை இங்கேயே ஒரு ஸ்கேன் எடுக்க வையுங்கள். தயவுசெய்து.

ரிஷி


குரோருட்,
22 பங்குனி 2026

ரிஷிகேசன்,

நீங்கள் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று வாசித்தபோது, ஒரு நிமிடம் மனம் இளகியது. அடுத்த நிமிடமே அருவருத்தது. உங்கள் புண்ணியத்தில் என் தம்பியோடு சிரித்துக் கதைப்பதா? அவன் உங்கள் வாசலில் துப்பியது எனக்குச் சேர வேண்டியது. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு பெரிய மனிதராகிவிட்டீர்கள்.

அவனிடம் சொல்லிவிட்டேன்.

எம்ஆர் ஸ்கேன் படம் எடுக்க அவனைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஓக்கர்னுக்குக் கிட்ட வாகன நெரிசல். அவன் கண்ணாடியில் கோடு கீறிக்கொண்டிருந்தான்.

"டெனிஸ், ரிஷிக்குச் சொன்னது நான்தான்."

அவன் விரலை எடுக்கவில்லை. "எப்ப?"

"நத்தாருக்கு. நீ கடைக்குப் போன நேரம்."

"நான் கேட்டனான். நீங்கள் இல்லை எண்டனீங்கள்."

"ஓம்."

"நிப்பாட்டச் சொல்லி என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீ நிப்பாட்டியிருப்பியோ?"

"இல்லை" என்றான். "ஆனா என்ர முகத்தைப் பாத்துச் சொல்லியிருக்கலாம். நான் உங்களோட சண்டை பிடிச்சிருப்பன். அந்தச் சண்டையைக்கூட எனக்குத் தராம மற்ற ஆளிட்டைக் குடுத்திட்டீங்கள்."

பிறகு, "என்னை இறக்கி விடுங்கோ" என்றான். இறங்கி, உருகிய அழுக்குப் பனிக்குள் காலை வைத்து, ஆஸ்பத்திரிப் பக்கமாக நடந்து போனான். பின்னால் நின்ற வாகனங்கள் கோர்ன் அடித்தன. நான் வண்டியை எடுக்கவேண்டி இருந்தது.

முடிவு வந்தபோது அவன் தொலைபேசியை மேசையில் எனக்கு முன்னால் வைத்துவிட்டு அறைக்குள் போனான். நார் முழுதாக இருக்கிறது. கிழிசல் இல்லை, பழைய வடுக்கூட இல்லை. பக்கத்தில் ஓடுகிற நரம்பு வீங்கியிருக்கிறது. சில மாதம் ஓய்வும் பயிற்சியும் போதும், திரும்ப எறியலாம் என்று எழுதியிருக்கிறது.

என் விரல்கள் பிழை விட்டுவிட்டன, ரிஷிகேசன். பத்து வருடமாக மற்றவர்களின் மூட்டைத் தொட்டுத் தொட்டுச் சம்பளம் எடுக்கிறேன். சொந்தத் தம்பியின் கையில் பயத்தைத்தான் தொட்டிருக்கிறேன். அந்தப் பயத்தை நீங்கள் அச்சில் போட, அந்த அச்சை நம்பி ஒரு கிளப் அவனைத் தெருவில் விட்டது. மூன்று இடத்தில் ஒருவராவது ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். அவனைப் பார்க்கச் சொல்லித்தானே ஊருக்கெல்லாம் எழுதினீர்கள்? ஒருவரும் பார்க்கவில்லை.

அவன் இப்போது அல்னாபுருவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான். என்னோடு கதைப்பது, "உப்பை எடுங்கோ" என்ற அளவில் இருக்கிறது.

உங்கள் தளத்தில் நீங்கள் எழுதியது பிழை என்று போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

லீசா


நீடாலன், ஒஸ்லோ
ஏப்ரல் 10, 2026

லீசா,

போடவில்லை. போட முடியவில்லை. மூன்று முறை எடிட்டரோடு பேசினேன். "அவன் இப்போது எந்த கிளப்பிலும் இல்லை. பட்டியலிலும் இல்லை. இல்லாத ஒருவனைப் பற்றித் திருத்தம் போட்டால் யார் படிப்பார்கள்?" என்றார். நான் கத்தினேன். திருத்தம் போடாவிட்டால் விலகுகிறேன் என்றேன். விலகிக்கொள் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொன்று சொன்னார். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரமாக இந்தத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் இன்னொரு பட்டியல் வருகிறது. "தவறவிடப்பட்டவர்கள்: கிளப் இல்லாமல் இருக்கும், நீங்கள் கவனிக்க வேண்டிய ஐந்து பேர்." அதில் டெனிஸை முதலில் போடலாம் என்கிறார். நார் கிழிந்ததாகச் சொல்லி விடப்பட்டவன், கிழியவே இல்லை, ஒஸ்லோவில் பெட்டி தூக்குகிறான். "அருமையான கதை, மக்கள் அழுவார்கள்" என்றார். அருமையான கதை என்று சொல்லும்போது அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

எனக்கு வாந்தி வந்தது. உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எழுந்து போனேன்.

ஆனால் லீசா, இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுச் சின்ன கிளப்கள் ஆள் எடுக்கின்றன. போன வருடப் பட்டியலில் இருந்து இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. அவனுக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவனைக் கீழே தள்ளிய அதே கதவுதான் திறக்கிறது. அந்தக் கதவைத் தவிர வேறு கதவு அந்த வீட்டில் இல்லை.

முடிவு நீங்கள் எடுக்க வேண்டாம். நானும் எடுக்கவில்லை. அவனிடம் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை அவனே அனுப்பினால் மட்டும் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் நானும் அந்தத் தளத்தை விட்டுவிடுகிறேன்.

ஈஸ்டர் வந்து போய்விட்டது. உங்கள் அம்மா எனக்கு டெனிஸுக்குத் தெரியாமல் ஒரு டப்பாவில் ரொட்டி அனுப்பியிருந்தார். அவரிடம் யாரும் முழுக் கதையையும் சொல்லவில்லை என்று அதிலிருந்து எனக்குப் புரிந்தது. சாப்பிட முடியவில்லை.

ரிஷி


குரோருட்,
19 சித்திரை 2026

ரிஷிகேசன்,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அவனைக் கேட்காமல் முடிவெடுத்த கை மறுபடியும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது என்று தெரிந்து நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து டெனிஸுக்கு முழுவதையும் வாசித்தேன். எடிட்டர் மென்றதையும் வாசித்தேன். அம்மாவும் இருந்தா. அம்மாவுக்கு இவ்வளவு நாளும் மறைத்ததெல்லாம் ஒரேயடியாகத் தெரியவந்தது. என்னைப் பற்றி, உங்களைப் பற்றி, எங்கள் இரண்டு பேரைப் பற்றியும். அவ சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனா.

டெனிஸ் மாட்டான் என்று நினைத்தேன். காறித் துப்புவான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படித் துப்பவேண்டும் என்று விரும்பினேன்.

"போடச் சொல்லுங்கோ" என்றான்.

"டெனிஸ், அவங்கள் உன்னை வச்சு அழுகைக் கதை விக்கப்போறாங்கள். உனக்கு அருவருப்பா இல்லையோ?"

"இருக்குது, அக்கா. ஆனா எனக்கு எறிய வேணும். அருவருக்கிறதுக்கு உங்களுக்கு நேரம் இருக்கு. எனக்கு இன்னும் நாலைஞ்சு வருசம்தான் கிடக்கு."

இந்த மூன்று மாதமும் நான் எவ்வளவோ பேரை அருவருத்திருக்கிறேன். உங்களை, அந்தக் கிளப்பை, கோயில் ஆட்களை, என்னை. அவ்வளவு அருவருப்பையும் கூட்டிச் சேர்த்தாலும் அவனுக்கு ஒரு பந்து எறிய இடம் கிடைக்காது.

எம்ஆர் முடிவை அவன் இன்றைக்கே உங்களுக்கு அனுப்புவான். எழுதுங்கள். நன்றாக எழுதுங்கள், அதுதான் உங்களுக்கு வருமே. அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் ஒரு சொல்லும் வேண்டாம். அவன் பெட்டி தூக்குவதைப் போடுவதானால் போடுங்கள், அதை அவன் ஓம் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு ஓர் இடம் கிடைத்தால் அவனிடம் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம். இனி ஒரு நாளும் வேண்டாம்.

பழைய படம் வேண்டாமாம், புதிதாக ஒன்று எடுத்துத் தரச் சொன்னான். சவரம் செய்து, நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்றான். நான் எடுத்தேன். அம்மா குசினி யன்னலில் இருந்து பார்த்துக்கொண்டு நின்றா. அவனைக் கண்டு அவ கையை அசைக்க, அவன் சிரித்துவிட்டான். மாதக்கணக்கில் நான் காணாத சிரிப்பு. அந்தப் படத்தைக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினான்.

"இது வேண்டாம், அக்கா. இதில சின்னப்பிள்ளை மாதிரி கிடக்கு."

பிறகு தோளை விரித்து, தாடையை இறுக்கி, கேமராவை நேராகப் பார்த்தான். எலும்பு மொத்தமாகத் தெரிகிற மாதிரிச் சேட்டுக் கையையும் கொஞ்சம் மடித்துவிட்டான். அதைத்தான் அனுப்பியிருக்கிறோம்.

லீசா